முதல் இரண்டு ஆண்டுகள் சறுக்கிய பிறகு மருத்துவம்: அமெரிக்காவில் நான் போன சுற்றுவழி

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஜனவரியிலும் மே மாதத்திலும்தான் வரும். செமஸ்டர் மதிப்பெண்கள் கைக்கு வந்திருக்கும் நேரம். "பையன் கெமிஸ்ட்ரியில் சி வாங்கிவிட்டான், தம்பி. இனி மெடிக்கல் அவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். பையன் பக்கத்தில் இருக்கிறானா என்று கேட்பேன். இருக்கமாட்டான். அவனுக்குத் தெரியாமல்தான் பேசுகிறார்கள். ஒரு சி வாங்கியதால் எதுவும் முடிந்துவிடவில்லை என்று சொல்லி வைத்துவிடலாம். ஆனால் சிலருக்கு ஒரு சி அல்ல, நான்கு சி, ஒரு டி என்று போய்க்கொண்டிருக்கும். அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன். நான் அந்த இரண்டாவது ரகம்.

முதலில் ஊர்க் கணக்கை மறக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடிந்தவுடன் நீட், தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு. இந்த ஆண்டு சரியாக வரவில்லை என்றால் அடுத்த ஆண்டு மறுபடியும் எழுதலாம். பழைய நீட் மதிப்பெண்ணை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி என்பது நான்காண்டுப் பட்டத்துக்குப் பிறகு வருவது. எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு உண்டுதான், ஆனால் அதற்கு இணையாகக் கல்லூரி மதிப்பெண் சராசரியான ஜிபிஏவும் பார்க்கப்படும். அங்கே எம்.டி. என்பது அடிப்படை மருத்துவப் பட்டம். எம்.டி. கல்லூரிகளுக்குப் பொது விண்ணப்பமான ஏஎம்காஸ், நீங்கள் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் எடுத்திருந்தாலும் எல்லாவற்றையும் கூட்டித் தானே ஒரு சராசரி போடுகிறது. பள்ளியில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் எடுத்த பாடமும் அதில் வரும். தோற்ற பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினால், உங்கள் பல்கலைக்கழகம் பழையதை நீக்கிவிடலாம். ஏஎம்காஸ் நீக்காது. இரண்டையும் சேர்த்தே கணக்கிடும். அறிவியல், கணிதப் பாடங்களுக்குத் தனிச் சராசரி வேறு போடும்.

நான் பதினைந்து வயதில் திருச்சியிலிருந்து குடும்பத்தோடு டெட்ராய்ட் புறநகருக்கு வந்தவன். உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரி மட்டத்தில் நடத்தும் ஏபி வேதியியல் தேர்வில் நல்ல மதிப்பெண். அதை வைத்துக்கொண்டு, 2012இல் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்தபோது பொது வேதியியலைத் தாண்டி நேரே கரிம வேதியியல் வகுப்பில் உட்கார அனுமதித்தார்கள். வீட்டில் பெருமை. ஒரு வகுப்புக் கட்டணம் மிச்சம் என்று அப்பா தாளில் கணக்குப் போட்டே காட்டினார். கூடவே கால்குலஸ், இயற்பியல், செல் உயிரியல், எல்லாமாக 17 கிரெடிட் (பாடச்சுமையை அளக்கும் அலகு). கரிம வேதியியலில் சி மைனஸ், இயற்பியலில் டி. பிறகு ஒரு செமஸ்டரில் சராசரி 4க்கு 2.0க்கும் கீழே போய், டீன் அலுவலகத்திலிருந்து 'அகடமிக் புரொபேஷன்' என்ற எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் 60 கிரெடிட், ஜிபிஏ 2.4.

ஏபி சலுகை பற்றி ஒரு வார்த்தை. அதை வைத்துக் கடினமான அறிவியல் பாடத்துக்குத் தாவுவது நம் வீடுகளில் புத்திசாலித்தனமாகக் கருதப்படுகிறது. மருத்துவம் நோக்கிப் போகும் பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் பொது வேதியியலை மறுபடி படித்து ஓர் ஏ வாங்குவதில் நட்டம் எதுவும் இல்லை. சில மருத்துவக் கல்லூரிகள் ஏபி கிரெடிட்டை ஏற்பதும் இல்லை. கல்லூரியில் எடுத்த வகுப்பைத்தான் கேட்கின்றன.

படிக்காமல் ஊர் சுற்றியதால் மதிப்பெண் போகவில்லை. இரவெல்லாம் படித்தேன். எனக்குத் தெரிந்த படிப்பு, புத்தகத்தை வரிவரியாகப் படித்து, மஞ்சள் கோடு போட்டு, மனதில் ஏற்றுவது. அது என்னைப் பத்தாம் வகுப்பு வரை முதல் வரிசையில் வைத்திருந்தது. அது எங்கே உடைகிறது என்று காட்டியவர் கரிம வேதியியல் பேராசிரியர். அவருடைய ஆபீஸ் அவர்ஸுக்கு, அதாவது மாணவர்கள் கேள்வி கேட்க வரலாம் என்று ஒதுக்கிய நேரத்துக்கு, நான் போனதே மதிப்பெண்ணைக் கூட்டிக் கேட்கத்தான். அவர் தேர்வுத்தாளைத் திறக்கவில்லை. மார்க்கரை என் கையில் கொடுத்து, பலகையில் ஒரு எஸ்என்2 வினையை, அதாவது ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கும் வினையை, எழுதச் சொன்னார். ஹைட்ராக்சைடும் புரோமோமீத்தேனும். விளைபொருள் எனக்கு மனப்பாடம். மெத்தனால் என்று எழுதிவிட்டேன். "அம்புக்குறி?" என்றார். எலெக்ட்ரான் ஜோடி எங்கிருந்து எங்கே போகிறது என்பதைக் காட்டும் வளைந்த அம்பு அது. நான் கார்பனிலிருந்து ஹைட்ராக்சைடை நோக்கி வரைந்தேன். நேர் எதிர்த்திசை. அவர் அதை அழிக்காமல், "இதன்படி கார்பன் எலெக்ட்ரானைக் கொடுக்கிறது. அதனிடம் கொடுக்க இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். அரைமணி நேரம் அந்த ஒரே வினை. புத்தகத்தில் அந்த அம்பை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். ஒரு தடவையும் வெற்றுத்தாளில் வரைந்ததில்லை.

அன்றிலிருந்து படிக்கும் முறையை மாற்றினேன். புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் நினைவிலிருந்து எழுதுவது, பிறகு திறந்து ஒப்பிடுவது. கணக்குகளை முதல் நாளே போட்டுப் பார்ப்பது. பாடம் 'முடித்துவிட்டு' அல்ல. தேர்வு முடிந்தபின் போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுவது: தெரியவில்லையா, தெரிந்தும் குழம்பினேனா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, நேரம் போதவில்லையா. எனக்குப் பாதிக்கு மேல் இரண்டாவது ரகமாகத்தான் இருந்தது. அதற்கு மருந்து கூடுதல் வாசிப்பு அல்ல, கூடுதல் கணக்குகள். மஞ்சள் மார்க்கரைத் தூக்கிப் போட்டேன் என்று சொன்னால் நாடகமாக இருக்கும். வாங்காமல் விட்டுவிட்டேன்.

இப்போது எண்களுக்கு வருகிறேன். இதைத் தாளில் போட்டுப் பார்க்காமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது. 60 கிரெடிட்டில் 2.4 என்றால் 144 புள்ளிகள். அடுத்த இரண்டு ஆண்டுகள், 60 கிரெடிட், 3.7 சராசரி வாங்கினேன் என்றால் 222 புள்ளிகள். மொத்தம் 366, வகுத்தல் 120. வருவது 3.05. இரண்டு ஆண்டுகள் கிட்டத்தட்ட ஏ மாணவனாக உழைத்ததற்குக் கிடைத்தது அவ்வளவுதான். பட்டம் வாங்கிய பின் மேலும் 32 கிரெடிட் படித்து 3.9 வாங்கியபோது 3.23. எம்.டி. கல்லூரிகளில் சேருவோரின் சராசரி ஜிபிஏ இப்போது 3.75க்கு மேல். எம்.டி.க்கு இணையான இன்னொரு மருத்துவப் பட்டம் தரும் டி.ஓ. கல்லூரிகளில் (அதைப் பிறகு சொல்கிறேன்) 3.6 அருகே. அதாவது எவ்வளவு உழைத்தாலும் என் மொத்தச் சராசரி அந்த வரிசைக்கு வந்து நிற்கப்போவதில்லை. இதைக் கேட்டுச் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு நேர்மாறாகத் தெளிவு வந்தது. பழையதை அழிக்க முடியாது என்றால், அதற்குப் பிறகு நீளமாக, இடைவெளி இல்லாமல், நல்ல மதிப்பெண் வரிசை ஒன்றைக் காட்டுவதுதான் ஒரே வழி. அதற்குக் காலம்தான் விலை. தேர்வுக் குழுவினர் மொத்த எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, ஆண்டுவாரியாகவும் பார்க்கிறார்கள். விண்ணப்பத்திலேயே முதலாண்டு, இரண்டாமாண்டு என்று தனித்தனியாகத்தான் அச்சாகி வருகிறது.

ஆகவே முதல் வேலை இறங்குவதை நிறுத்துவது. முழுநேர மாணவராக இருக்க 12 கிரெடிட் போதும். நான் சுமையைக் குறைத்தேன், ஒரு செமஸ்டரில் இரண்டு அறிவியல் பாடங்களுக்கு மேல் எடுக்கவில்லை. ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்றால் கெடு தேதிக்குள் விலகினால் 'டபிள்யூ' என்று விழும், சராசரியைத் தொடாது. ஒன்றிரண்டு டபிள்யூவை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, செமஸ்டருக்கு ஒன்று என்று வரிசையாக இருந்தால் எடுப்பார்கள். குடும்பத்தில் மரணம், நோய், மனச்சோர்வு என்று உண்மையான காரணம் இருந்தால், படிப்பை ஒரு செமஸ்டர் நிறுத்திவைக்க எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் வழி உண்டு. அதைக் கேட்க நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள், காரணம் வீட்டில் சொல்ல வேண்டி வரும் என்பதுதான். ஒரு செமஸ்டர் சும்மா இருந்தால் ஜிபிஏ ஒரு புள்ளியும் குறையாது. அதே செமஸ்டரில் மூன்று சி வாங்கினால் அதை ஈடுகட்ட ஓர் ஆண்டு வேண்டும். இதைப் பெற்றோருக்குப் புரியவைக்க எனக்கு மேலே சொன்ன 144, 222 கணக்கு உதவியது. அப்பாவுக்கு எண்கள் பிடிக்கும்.

எந்தப் பாடத்தைத் திரும்ப எடுப்பது என்பதில் என் கருத்து இது. டி, எஃப், சி மைனஸ் என்றால் எடுத்தே ஆக வேண்டும். பல கல்லூரிகள் அடிப்படைப் பாடத்துக்கு சி-யாவது கேட்கின்றன. சி, பி மைனஸ் என்றால் திரும்ப எடுக்காமல் மேலே போவது நல்லது. உயிர்வேதியியல், உடலியங்கியல், மரபியல் போன்ற மேல்நிலைப் பாடத்தில் வாங்கும் ஏ, பழைய சி-க்கு நல்ல பதில். எனக்கு இதில் ஓர் அடி விழுந்தது. டி.ஓ. கல்லூரிகளின் விண்ணப்ப அமைப்பில், திரும்ப எடுத்த பாடத்தின் புதிய மதிப்பெண்ணை மட்டும் கணக்கிடும் சலுகை இருந்தது. அதை நம்பித்தான் என் திட்டத்தைப் போட்டிருந்தேன். 2017இல் அதை எடுத்துவிட்டார்கள். இன்றும் சிலர் பழைய விதியைச் சொல்லி ஆலோசனை தருகிறார்கள், நம்ப வேண்டாம். டெக்சாஸ் மாநிலவாசிகளுக்கு மட்டும் 'அகடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட்' என்று ஒரு சட்டம் உண்டு. பத்து ஆண்டுகளுக்கு மேல் பழைய பாடங்களை ஒட்டுமொத்தமாக விலக்கிக்கொள்ளலாம். நல்லது கெட்டது எல்லாம் சேர்ந்து போகும், பொறுக்கிக்கொள்ள முடியாது.

பட்டம் வாங்கிய பிறகு இரண்டு வழிகள். ஒன்று, போஸ்ட்-பேக் எனப்படும் இளங்கலை மட்டத்துக் கூடுதல் படிப்பு. மற்றது, மருத்துவக் கல்லூரிகளே நடத்தும் ஓராண்டு சிறப்பு முதுகலைப் படிப்பு. இரண்டாவதில் மருத்துவ மாணவர்களின் பாடங்களையே படித்து, சில இடங்களில் அவர்களுடைய தேர்வையே எழுத வேண்டும். அங்கே நன்றாகச் செய்தால் வாசல் திறக்கும், செய்யாவிட்டால் அதற்குப் பிறகு காட்ட எதுவும் மிஞ்சாது. அதன் மதிப்பெண் இளங்கலை ஜிபிஏவில் சேராமல் தனியாக நிற்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. செலவும் பல்லாயிரம் டாலர். குறைந்தது இரண்டு செமஸ்டராவது தொடர்ந்து ஏ வாங்கிக் காட்டாத எவரையும் அந்தப் பக்கம் அனுப்பமாட்டேன். நான் வேலை பார்த்துக்கொண்டே, உள்ளூர் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் சாராத மாணவனாக மாலை வகுப்புகளில் படித்தேன். அழகான பெயர் எதுவும் அதற்குக் கிடையாது. எங்கே வாங்கினாலும் மதிப்பெண் மதிப்பெண்தான்.

வேலை என்றால், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் செவிலியர் உதவியாளர். நடக்க முடியாதவர்களுக்குப் படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிவைச் சுத்தம் செய்வது. அம்மா முதல் முறை கேட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் யாரிடமும் சொல்லாதே என்று மட்டும் சொன்னார். ஆனால் நேர்காணலில் என் வேதியியலைப் பற்றிப் பேசியதைவிட இந்த வேலையைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். நம் பிள்ளைகளின் விண்ணப்பங்களில் ஆய்வகம் இருக்கும், பரதநாட்டியம் இருக்கும், தமிழ்ப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது இருக்கும். நோயாளியைத் தொட்டது இருக்காது. மதிப்பெண் குறைவானவர்களுக்கு அதைத் தவிர்க்கும் வசதி இல்லை.

எம்கேட் பற்றிச் சுருக்கமாக. 472 முதல் 528 வரை மதிப்பெண், நான்கு பகுதிகள், இடைவேளைகளோடு ஏழரை மணி நேரம். ஓர் ஆண்டில் 3 முறை, இரண்டு ஆண்டுகளில் 4 முறை, வாழ்நாளில் 7 முறைதான் எழுதலாம். எழுதிய மதிப்பெண்கள் எல்லாம் கல்லூரிகளுக்குத் தெரியும். பழைய ஜிபிஏ குறைவாக உள்ளவர் இதில் நடுத்தரமாக வந்தால், அந்தப் பழைய எண்தான் உண்மையான இவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். தேர்வை நடத்தும் அமைப்பே விற்கும் முழுநீள மாதிரித் தேர்வுகளில், வேண்டிய மதிப்பெண் தொடர்ந்து வரும்வரை தேதியைத் தள்ளிப்போடுங்கள். நான் தள்ளிப்போட்டேன். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவனுக்கு வேதியியலைவிட, 90 நிமிடத்தில் 53 கேள்விகள் கேட்கும் வாசிப்புப் பகுதிதான் பயம். தத்துவம், கலை வரலாறு என்று தெரியாத விஷயத்தில் கட்டுரை கொடுப்பார்கள். தினமும் காலையில் எனக்குப் பிடிக்காத தலைப்பில் ஒரு நீளமான கட்டுரை படித்து, எழுதியவர் எதை எதிர்க்கிறார் என்று ஒரு வரி தமிழில் எழுதுவேன். 2018இல் எழுதிய தேர்வில் 512 வந்தது. எம்.டி. கல்லூரிகளில் சேருவோரின் சராசரி ஏறக்குறைய அதுதான்.

பிறகு, டி.ஓ. (டாக்டர் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசின்) விவகாரம். 1892இல் மிசௌரியின் கிர்க்ஸ்வில் ஊரில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய கல்லூரியிலிருந்து வளர்ந்த மருத்துவப் பிரிவு அது. இன்று அமெரிக்க மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் டி.ஓ. கல்லூரியில் படிக்கிறார். மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம், 50 மாநிலங்களிலும் முழு உரிமம். 2020இலிருந்து, பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் பெறும் மேற்பயிற்சிக்கான (ரெசிடென்சி) இடங்களும் எம்.டி., டி.ஓ. இருவருக்கும் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டன. எனக்கு டி.ஓ. கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியைக் கேட்டு திருச்சியில் பெரியப்பா இணையத்தில் தேடியிருக்கிறார். பிரிட்டனில் ஆஸ்டியோபாத் என்றால் மருத்துவர் அல்லாத கைச்சிகிச்சையாளர். அந்தப் பக்கங்கள்தான் அவருக்கு வந்திருக்கின்றன. "புத்தூர்க் கட்டு மாதிரியா?" என்று அப்பாவிடம் கேட்டாராம். அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்தார். எலும்பு, தசைகளைக் கையால் சீராக்கும் பயிற்சி கூடுதலாக உண்டு என்பதால் பெரியப்பா முழுக்கத் தவறும் இல்லை என்று நான் சிரித்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. டி.ஓ. கல்லூரிகள் பழைய மதிப்பெண்ணைவிட அண்மை மதிப்பெண்ணுக்குக் கூடுதல் இடம் கொடுக்கின்றன என்பது என் அனுபவம். டி.ஓ. மருத்துவர் ஒருவரிடம் சில மாதங்களாவது கூட இருந்து பார்த்து, பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கரீபியன் தீவுக் கல்லூரிகளை அப்பா பரிசீலித்தார். விளம்பரம் அழகாக இருக்கும், இடமும் எளிதாகக் கிடைக்கும். அண்மை ஆண்டுகளில் மேற்பயிற்சி ஒதுக்கீட்டில் அமெரிக்க எம்.டி., டி.ஓ. இறுதியாண்டு மாணவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோருக்கு இடம் கிடைக்கிறது. வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களுக்கு அது 67 அளவில் நிற்கிறது. இடையிலேயே வெளியேற்றப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். அமெரிக்காவில் ஒருமுறையாவது ஒழுங்காக விண்ணப்பிக்காமல் அங்கே போகாதீர்கள்.

விண்ணப்பத்தில் தேதி முக்கியம். மே மாதத் தொடக்கத்தில் திறக்கும். ஜூன் முதல் வாரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும், ஏனென்றால் பாடம் பாடமாகச் சரிபார்க்க வாரக்கணக்கில் ஆகும். இடங்களும் வர வர நிரம்பிக்கொண்டே போகும். குறைந்த ஜிபிஏவோடு செப்டம்பரில் அனுப்புவது பணத்தைக் கரைக்கும் வழி. புரொபேஷன் கடிதம் வந்ததா என்று விண்ணப்பமே கேட்கும். மறைக்காதீர்கள், ஒழுங்கு நடவடிக்கை மட்டும்தான் என்று நினைத்துச் சிலர் 'இல்லை' என்று போட்டுவிடுகிறார்கள், படிப்பு சார்ந்ததும் அதில் அடங்கும். தன்விளக்கக் கட்டுரைக்கு 5,300 எழுத்துகள்தான். அதில் பழைய மதிப்பெண்ணுக்கு ஒரு பத்திக்கு மேல் கொடுக்கக் கூடாது.

நேர்காணலில் அந்தக் கேள்வி வந்தே தீரும். என்ன நடந்தது, எதை மாற்றினேன், மாறியதற்கு என்ன சாட்சி. மூன்று வாக்கியங்களில் முடித்துவிட்டு வாயை மூடிக்கொள்வதை நான் கண்ணாடி முன் பழகினேன். முதல் நேர்காணலில் மூன்றாவது வாக்கியத்துக்குப் பிறகு வந்த அமைதியைத் தாங்க முடியாமல் ஏபி வேதியியல் வரலாறு முழுவதையும் கொட்டிவிட்டேன். அந்தக் கல்லூரி மறுத்துவிட்டது. அடுத்த இடத்தில் அமைதியாக இருந்தேன். கேட்டவர் தலையாட்டிவிட்டு, முதியோர் இல்லத்துக்குத் தாவிவிட்டார். அங்கே காத்திருப்புப் பட்டியலில் வைத்து, வசந்த காலத்தில் இடம் கொடுத்தார்கள். 2019இல் சேர்ந்தேன், 2023இல் முடித்துக் குடும்ப மருத்துவப் பயிற்சிக்குப் போனேன்.

விசா விஷயத்தை எந்தத் திட்டத்துக்கும் முன்னால் பாருங்கள். எங்களுக்குக் கிரீன் கார்டு வந்திருந்தது. எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு 21 வயதில் அந்த விசா முடிந்துவிடும். வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் மருத்துவக் கல்லூரிகள் குறைவு, மத்திய அரசுக் கடனும் கிடையாது. கடன் வாங்கத் தகுதியுள்ளவர்களுக்கும் 2025இல் வந்த சட்டம் கணக்கை மாற்றியிருக்கிறது: 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று மத்தியக் கடனுக்கு உச்சவரம்பு. தனியார் கல்லூரிகள் பலவற்றில் இது போதாது. கல்லூரிப் பட்டியல் போடும்போதே கட்டணத்தையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சொந்த மாநில அரசுக் கல்லூரிகளை மேலே வையுங்கள்.

முதல் முறை கிடைக்கவில்லை என்றால், அதே விண்ணப்பத்தைத் தேதி மாற்றி அடுத்த ஜூனில் அனுப்புவது நம்மவர்களிடம் நிறையப் பார்க்கிறேன். மறுத்த கல்லூரிகளில் சில, கேட்டால் காரணம் சொல்லும். மின்னஞ்சல் அனுப்பி நேரம் கேளுங்கள். மதிப்பெண் வரிசை இன்னும் குட்டை என்றால் ஓராண்டு கூடுதல் பாடம், எம்கேட் என்றால் அதற்கு மட்டும் ஓராண்டு, அனுபவம் போதாது என்றால் வேலை. எது என்று தெரியாமல் மூன்றையும் ஒரே ஆண்டில் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம். 17 கிரெடிட் எடுத்த கதைதான் அது.